கேம் கேரக்டருக்கும் ஒரு குடும்பம் உண்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும்? பெரியவர்கள் வேர்டில் ஒரு கடிதம் அடித்துப் பார்ப்பார்கள். பிள்ளைகள் கேம் எங்கே என்று தேடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் தங்கை மகன் எங்களிடம்தான் வளர்கிறான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அவனுக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு எதுவும் அதில் இல்லை. "இதுல நல்ல கேம் எதுவும் ஓடாது மாமா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான்.

"ஓடும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாடி நான் விளையாடின கேமே ஓடும்" என்றேன். அப்படித்தான் பால்டர்ஸ் கேட் எங்கள் வீட்டிற்குள் வந்தது. அந்த கேமில் நாம் ஏற்கும் கேரக்டரைப் பற்றியும், அவனுடைய குடும்பத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. கதையின் ரகசியங்களை எல்லாம் இங்கே உடைக்கப் போகிறேன். அவற்றைத் தெரிந்து கொள்ளாமல் விளையாட விரும்புபவர்கள், கேமை முடித்த பின் இந்தப் பக்கத்தைப் படிக்கவும்.

வேஷம் கட்டும் விளையாட்டு

கார் ரேஸ் கேமில் நீங்கள் யார் என்று கம்ப்யூட்டர் கேட்பதில்லை. காரை ஓட்டினால் போதும். ரோல் பிளேயிங் கேம் என்னும் வகை அப்படி அல்ல. கூத்தில் வேஷம் கட்டுவது போல, இங்கே முதலில் ஓர் ஆளாக மாற வேண்டும். அவன் யார், என்ன தொழில், எப்படிப்பட்ட குணம் என்பதை எல்லாம் நாமே முடிவு செய்திட வேண்டும்.

இதன் ஆரம்பம் கம்ப்யூட்டரில் இல்லை. 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேஜையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, பேப்பர், பென்சில், பகடை கொண்டு ஆடும் விளையாட்டு அது. மந்திரவாதிகள், குள்ளர்கள், டிராகன்கள் உலவும் மாயாஜால உலகம் அதன் களம். அந்த விளையாட்டிற்காக 1987ல் பர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகம் வெளியானது. அதனை உருவாக்கிய எட் கிரீன்வுட் கனடாவைச் சேர்ந்தவர். நூலகங்களில் பணியாற்றியவர். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கேரக்டரின் கதையும் ஒரு நூலகத்தில்தான் தொடங்குகிறது.

கனடாவில் எட்மன்டன் நகரில் 1995ல் தொடங்கப்பட்ட நிறுவனம் பயோவேர். அதனைத் தொடங்கியவர்களில் ரே முசிகா, கிரெக் செஸ்சுக் இருவரும் மருத்துவம் படித்தவர்கள். இந்த நிறுவனம் மேலே சொன்ன விதிகளையும் உலகத்தையும் வைத்து 1998 டிசம்பரில் பால்டர்ஸ் கேட் கேமினைக் கொண்டு வந்தது. 5 சிடிக்களில் வந்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும்போது "அடுத்த சிடியைப் போடு" என்று கேட்கும். சிடி டிரைவைத் திறந்து மூடியே கை வலித்த காலம் அது!

கேரக்டர் எப்படிப் பிறக்கிறது?

புதிய கேமைத் தொடங்கியவுடன் கேரக்டர் உருவாக்கும் திரை வரும். ஆணா, பெண்ணா? மனிதனா, எல்ப் இனமா, குள்ளனா? போர்வீரனா, மந்திரவாதியா, திருடனா? நல்லவனா, கெட்டவனா, இரண்டுக்கும் நடுவிலா? குணத்தில் மட்டுமே 9 வகைகள் உண்டு.

பிறகு வலிமை, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற 6 திறன்களுக்கு மதிப்பெண் தர வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் குறைந்தது 3, அதிகம் 18 வரும் அல்லவா? அந்தக் கணக்குதான் இங்கும். பகடையைக் கம்ப்யூட்டரே உருட்டும். வந்த எண்கள் பிடிக்கவில்லை என்றால் ரீரோல் பட்டனைக் கிளிக் செய்து மீண்டும் உருட்டலாம். நல்ல எண்கள் கிடைத்தால் ஸ்டோர் பட்டன் மூலம் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்து, அதைவிட நல்லதாகக் கிடைக்குமா என்று மேலும் முயற்சிக்கலாம். கிடைக்காவிட்டால் ரீகால் அழுத்தினால் பழைய எண்கள் திரும்பி வரும்.

என் மருமகன் இந்த இடத்தில் முக்கால் மணி நேரம் செலவழித்தான். வலிமைக்கு 18 வரும் வரை விடவில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த கதைப் பகுதியை ஒரு வரி கூடப் படிக்காமல் கிளிக் கிளிக் என்று தாண்டிச் சென்றான். புதியவர்கள் அனைவரும் செய்யும் தவறு இது. சண்டைக்கு எண்கள் போதும். ஆனால் யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது.

"ரெக்கார்டு திரைக்குப் போய் பயோகிராபி என்பதைத் திற" என்றேன். திறந்தான். அவன் இதுவரை கவனிக்காத அவன் கேரக்டரின் வாழ்க்கை வரலாறு அங்கே இருந்தது.

கேண்டில்கீப் வீட்டுப் பிள்ளை

கடலோரப் பாறை மேல் கோட்டை போல நிற்கும் நூலகம் கேண்டில்கீப். வெளியாட்கள் உள்ளே வர வேண்டும் என்றால், விலைமதிப்புள்ள ஒரு புத்தகத்தை அன்பளிப்பாகத் தர வேண்டும். நம் கேரக்டர் அங்கே வளர்ந்த அனாதைப் பிள்ளை. வளர்த்தவர் கோரியன் என்ற முதிய அறிஞர். உடன் வளர்ந்தவள் இமோவன் என்ற துறுதுறுப்பான பெண். அவளை அங்குள்ள விடுதிக்காரர் வின்த்ராப் வளர்க்கிறார். இருவரும் அண்ணன் தங்கை போலப் பழகுகிறார்கள்.

ஒரு நாள் கோரியன் பதற்றத்துடன் வந்து, உடனே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்கிறார். காரணம் சொல்ல மறுக்கிறார். இரவில் காட்டு வழியில் கவசம் அணிந்த ஒருவன் தன் ஆட்களுடன் வழி மறிக்கிறான். பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்கிறான். கோரியன் மறுத்துச் சண்டையிடுகிறார். நாம் தப்பி ஓடுகிறோம். அவர் கொல்லப்படுகிறார். கேம் தொடங்கி ஒரு மணி நேரத்திற்குள் நம்மை வளர்த்தவர் இல்லை. ஏன் கொன்றார்கள், நாம் யார் என்று எதுவும் தெரியாது. அதிலிருந்துதான் கதை.

ஒரு கடிதம்

கேமின் ஆறாவது அத்தியாயத்தில் நாம் மீண்டும் கேண்டில்கீப் செல்கிறோம். இந்த முறை நாமும் வெளியாள்தான். புத்தகம் கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும். சொந்த வீட்டு வாசலில் அனுமதி கேட்டு நிற்கும் அந்த இடம் மனதை என்னவோ செய்யும். உள்ளே கோரியனின் அறையில் அவர் எழுதி வைத்த கடிதம் கிடைக்கிறது.

கடிதத்தின் சாரம் இதுதான். கோரியன் நம் சொந்தத் தந்தை இல்லை. நம் உண்மையான தந்தை பாஹல். கொலைக்குக் கடவுளாக அந்த உலகம் பயப்படும் தீய சக்தி. தன் சாவு நெருங்குவதை முன்கூட்டியே அறிந்த பாஹல், எல்லா இனப் பெண்களிடமும் பிள்ளைகளைப் பெற்றான். அந்தப் பிள்ளைகள் மூலமாகத் தான் மீண்டும் எழ வேண்டும் என்ற அவன் திட்டம் கதையில் பின்னர் தெரிய வரும். தாய் நம்மைப் பெற்றபோதே இறந்துவிட்டதாகவும், தான் அவளுடைய நண்பன் என்றும் கோரியன் எழுதுகிறார். உன்னை என் பிள்ளையாகவே நினைத்தேன், நீயும் என்னைத் தந்தையாகவே நினைப்பாய் என நம்புகிறேன் என்ற பொருளில் முடிக்கிறார்.

இந்தக் கடிதத்தை என் மருமகன் தாண்டிச் செல்லவில்லை. இரண்டு முறை படித்தான். பிறகு மவுஸை விட்டுவிட்டு, "இதை அவர் நேர்லயே சொல்லியிருக்கலாம் இல்ல மாமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் அம்மா, அதாவது என் தங்கை, இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. அடுத்த ஆண்டே அவன் அப்பா வேறு திருமணம் செய்து கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு முறை கூட வந்து பார்க்கவில்லை. ஆனால் "அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்" என்றுதான் நாங்கள் பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தோம். பெரியவன் ஆனதும் சொல்லிக் கொள்ளலாம் என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப் போட்டு வந்தோம். அன்றும் நான் எதுவும் சொல்லவில்லை. "சொல்லியிருக்கலாம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரே ரத்தம், இரண்டு வீடு

கோரியனைக் கொன்ற கவச மனிதன் யார்? அவன் பெயர் சரவோக். அவனும் பாஹலின் மகன். அதாவது நம் கேரக்டருக்கு அண்ணன் முறை! குழந்தைப் பருவத்தில் இருவரும் ஒரே ஆபத்தில் இருந்தார்கள். கோரியனால் ஒரு குழந்தையைத்தான் தூக்கி வர முடிந்தது. இன்னொரு குழந்தை பின்னர் பால்டர்ஸ் கேட் நகரில் ரீல்டார் என்ற வியாபாரியின் வளர்ப்பு மகன் ஆகிறான். ரீல்டார் தன் மனைவியையே கொன்றவன். அந்த வீட்டில் வளர்ந்த சரவோக், தந்தையின் அரியணையைப் பிடிக்க எத்தனை பேரைக் கொல்லவும் தயங்காதவன் ஆகிறான்.

ரத்தம் ஒன்றுதான். ஒருவனுக்குப் புத்தகங்களுக்கு நடுவே பாசமுள்ள ஒரு பெரியவர் கிடைத்தார். இன்னொருவனுக்குக் கொலைகாரன் கிடைத்தான். கர்ணன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். பெற்றது குந்தி. ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்தது தேரோட்டி வீடு. பிறப்பு ரகசியம் தெரிந்த பின்பும் கர்ணன் வளர்த்தவர்களை விட்டுக் கொடுக்கவில்லை.

இந்தப் பின்னணி வெறும் கதையாக நின்று விடுவதில்லை. விளையாட்டின் விதிகளுக்குள்ளும் அது இறங்கி வேலை செய்கிறது. அத்தியாயங்களுக்கு இடையே நம் கேரக்டருக்குக் கனவுகள் வரும். அந்தக் கனவுகள் புதிய சக்திகளைத் தரும். ஊரில் நல்ல பெயர் எடுத்திருந்தால் காயம் ஆற்றும் சக்தி கிடைக்கும். கெட்ட பெயர் என்றால் பிறர் உயிரை உறிஞ்சும் சக்தி கிடைக்கும். தந்தை வழி ரத்தம் ஒன்றேதான். அது எதுவாக வெளிப்படும் என்பதை நம் நடத்தை முடிவு செய்கிறது.

2000ல் வந்த இரண்டாம் பாகத்தில் இன்னொரு அதிர்ச்சி. கூடவே வளர்ந்த இமோவனும் பாஹலின் மகள்தான். தங்கை போல நினைத்தவள் உண்மையிலேயே தங்கை! 2001ல் வந்த த்ரோன் ஆப் பாஹல் என்ற கூடுதல் பாகத்தில், இறந்துபோன சரவோக் திரும்பி வருகிறான். நம் ஆன்மாவில் ஒரு துளியைக் கொடுத்தால்தான் அவனுக்கு உயிர். கொடுத்தால் அவனை நம் குழுவிலேயே சேர்த்துக் கொள்ளலாம். பொறுமையாகப் பேசி வந்தால் அவன் குணமே நல்லதாக மாறும். சண்டையில் எத்தனை அடி அடித்தாலும் நடக்காத மாற்றம் பேச்சில் நடக்கிறது. கடைசியில் தந்தையின் அரியணையில் கடவுளாக அமர்வதா, சாதாரண மனிதனாகவே வாழ்வதா என்று கேம் நம்மிடம் கேட்கும். பதில் நம் கையில்.

கடிதத்தில் இல்லாத உண்மை

இதே கூடுதல் பாகத்தில்தான் கோரியனின் கடிதம் முழு உண்மை இல்லை என்பதும் தெரிய வருகிறது. நம் தாய் பிரசவத்தில் இறக்கவில்லை. அவள் பாஹலின் பூசாரிணி. பெற்ற பிள்ளையையே பலி கொடுக்க நின்றவள். அவளைக் கொன்றுதான் கோரியன் நம்மைக் காப்பாற்றினார். பிள்ளை மனம் நோகக் கூடாது என்று, தான் இறந்த பின் படிக்கப்படும் கடிதத்தில் கூட மறைத்துவிட்டார்.

அவர் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. உயிரையே கொடுத்தவர். ஆனால் அந்த மறைப்பால் என்ன நடந்தது? பிள்ளை தன் பிறப்பைத் தன் பகைவர்கள் வாயிலாகத் துண்டு துண்டாகத் தெரிந்து கொண்டது. வீட்டில் சொல்லாததை ஊரார் சொன்னார்கள்.

என் மருமகன் அந்தக் கட்டத்தை முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நானும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கேமை சேவ் செய்யச் சொன்னேன். என் மனைவியையும் கூப்பிட்டேன். அவன் அப்பாவைப் பற்றி இருந்ததை இருந்தபடி சொன்னேன். எந்த ஊர், எப்போது போனார், நாங்கள் ஏன் மறைத்தோம் என்பது வரை சொன்னேன்.

அவன் அழவில்லை. "தெரியும் மாமா. எட்டாவது படிக்கும்போதே பக்கத்து வீட்டு ஆயா யார்கிட்டயோ பேசினதைக் கேட்டேன். நீங்களா சொல்வீங்களான்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றான். சிறிது நேரம் கழித்து, "அத்தை, சாப்பாடு போடுங்க" என்றான். அவ்வளவுதான். நாங்கள் பயந்தது பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. அவன் மட்டும் இரண்டு ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்திருக்கிறான் என்பதுதான் எனக்கு வலித்தது.

நீங்களும் விளையாட

1. பழைய 5 சிடிக்களைத் தேடி அலைய வேண்டாம். 2012ல் என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு வெளியானது. ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணைய தளங்களில் பணம் செலுத்தி டவுண்லோட் செய்திடலாம். இரண்டாம் பாகமும் இதே போல 2013ல் வந்தது. சாதாரண கம்ப்யூட்டர் போதும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

2. நமக்கு மொழி ஆங்கிலம்தான். படிக்க நிறைய இருக்கும். பக்கத்தில் ஒரு டிக்ஷனரி இருந்தால் நல்லது. பிள்ளைகளின் ஆங்கிலமும் வளரும்.

3. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சண்டை அப்படியே நிற்கும். நிதானமாக யோசித்து ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்துவிட்டு மீண்டும் தட்டவும். முதல் நிலையில் மந்திரவாதி ஒரு ஓநாயிடம் கூட இறந்து போவார். எனவே புதியவர்கள் போர்வீரனில் தொடங்கவும். கதை மட்டும் போதும் என்பவர்கள் ஸ்டோரி மோட் எனப்படும் எளிய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

4. இது கொலையும் சண்டையும் உள்ள கதை. 1998ல் வந்த பதிப்பிற்கு 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தரச்சான்று தரப்பட்டது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023ல் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 முற்றிலும் பெரியவர்களுக்கானது. அதற்கு 150 ஜிபி இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். பாஹலின் வம்சக் கதை அதிலும் தொடர்கிறது.

5. மிக முக்கியமானது. நீங்கள் சேவ் செய்தவை கேம் இன்ஸ்டால் ஆன போல்டரில் இருப்பதில்லை. டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் கேமின் பெயரிலேயே ஒரு போல்டர் இருக்கும். அதற்குள் சேவ், கேரக்டர்ஸ் என்ற துணை போல்டர்கள் இருக்கும். விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யும் முன் அந்த போல்டர் முழுவதையும் வேறு டிரைவிற்குக் காப்பி செய்திடவும். மறந்தால் பல மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

6. கேரக்டரின் வாழ்க்கை வரலாறு நாம் மாற்றக் கூடியது. ரெக்கார்டு திரையில் கஸ்டமைஸ் என்பதைக் கிளிக் செய்து, பயோகிராபி பட்டனை அழுத்தவும். ஏற்கனவே உள்ளதை அழித்துவிட்டு உங்கள் விருப்பப்படி டைப் செய்திடலாம்.

கடைசியாகச் சொன்ன இந்த வசதியை என் மருமகன் தானாகவே கண்டுபிடித்திருக்கிறான். சென்ற வாரம் அவன் ஒரு புதிய கேரக்டரைத் தொடங்கினான். இந்த முறை பகடையை மூன்று முறை மட்டுமே உருட்டினான். அவன் தூங்கிய பின் கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோது, திரையில் பயோகிராபி திறந்தபடி இருந்தது. கோரியன் கதையை அழித்துவிட்டு, தமிழை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்திருந்தான். பெற்றவள் பெயர் என்ற இடத்தில் என் தங்கையின் பெயர் இருந்தது. வளர்த்தவர்கள் என்ற இடத்தில் மாமா, அத்தை. அப்பா என்ற இடத்தில், "வேறு ஊரில் இருக்கிறார்" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தான்.

நான் எதையும் மாற்றவில்லை. சேவ் செய்துவிட்டு, அந்த போல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வைத்துக் கொண்டேன்.